கதிருக்குக் கணக்கு, பிறைக்குக் கண்!

“தெரிகிறதா, நன்னா?”

“மேகம் மறைக்குதடா, பொறு.”

நோன்பு மாதத்தின் 29-ஆம் நாள் மாலையிலே, நோணாங்குப்பத்துப் பாலத்தின் மீது நம் செவியில் விழுந்த பேச்சு இது. புதுவையிலிருந்து கடலூர் செல்லும் சாலை சுண்ணாம்பாற்றைக் கடக்கும் இடம் அது. கிழக்கே ஆறு கடலோடு கலக்க விரைகிறது. மேற்கே தென்னந்தோப்புகளுக்கு மேலே செவ்வானம். நகரத்து முல்லா வீதிப் பக்கமிருந்து வந்திருந்த அந்த முதியவர் மேற்கு வானத்தினின்று கண்ணை எடுக்கவில்லை. பேரனோ வானத்தைப் பார்க்கவேயில்லை, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேகத்துக்குப் பின்னே நிலவு எந்த உயரத்தில் நிற்கிறது, கதிரவனைவிட்டு எத்தனை பாகை விலகியிருக்கிறது, எத்தனை மணிக்கு மறையும் என்பதெல்லாம் அதிலே தெரிந்தன. “இதோ இருக்குது நன்னா, பாருங்க” என்று காட்டினான். முதியவர் சினக்கவில்லை. “அது கணக்கு. நான் தேடுறது பிறை” என்றார்.

அந்நேரம் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது, பையனின் தாய். நாளை பெருநாளென்றால் இரவே இறைச்சி வாங்கியாக வேண்டும். நோன்பென்றால் விடியுமுன் உண்பதற்குச் சோறாக்க வேண்டும். எது? பாலத்தின் மீது நின்ற எவருக்கும் விடை தெரியவில்லை. நெடுநேரம் கழித்து, அதே கைப்பேசிக்குச் செய்தி வந்தது: வேறோர் ஊரிலே பிறை கண்டார்களாம், காஜி அறிவித்துவிட்டாராம். முதியவர் முகம் மலர்ந்தது. பேரனின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஒரே கருவி, ஒரே கை, ஒரே மாலை! கணக்கைச் சொன்னபோது அதற்குத் தகுதியில்லை. காஜியின் சொல்லைச் சுமந்து வந்தபோது தகுதி வந்துவிட்டது. இதைக் கண்டு நகைக்கத் தோன்றும் தோழர்கள் சற்றே பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். முதியவரின் மாலைப்பொழுதை நாம் ஆராயப் புகவில்லை; அது அவருக்கு இனிய மாலை. நாம் கேட்பது வேறு. புதிய கருவியொன்று மார்க்கத்தின் வாயிலிலே வந்து நிற்கும்போது, உள்ளே விடலாமா கூடாதா என்று தீர்ப்பது எது? கருவியின் தன்மையா, நூலின் கட்டளையா? அல்லது, அந்தக் கருவி யாருடைய சொல்லுக்கு வலிவு சேர்க்கிறது என்பதா?

கண்ணையும் கணக்கையும் பற்றிய வழக்கிலே புதுவை மண்ணுக்குச் சொந்தமான கதையொன்று உண்டு. நோணாங்குப்பத்துக்கு வடக்கே, சில கல் தொலைவிலே நடந்தது. லெ ழாந்தீ என்ற பிரெஞ்சு வானநூல் அறிஞர், கதிரவனின் முகத்தை வெள்ளிக்கோள் கடப்பதைக் காணப் பாரிசிலிருந்து புறப்பட்டார். 1761-இலே அந்நிகழ்ச்சி. ஆனால் அவர் கப்பல் வந்து சேருமுன் புதுவை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஆடுகிற கப்பலின் மேல்தட்டிலிருந்து பார்த்தார், அளக்க இயலவில்லை. அடுத்த கடப்பு 1769-இல். அதைத் தவறவிட்டால் மீண்டும் காண ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகும். ஊர் திரும்பாமல் எட்டாண்டு காத்திருந்தார். 1768-இல் புதுவைக்கு வந்து, கருவிகளை நிறுத்தி, நாளெண்ணிக் கிடந்தார். வந்தது 1769 ஜூன் 4. வைகறையிலே மேகம்! வெள்ளி கடந்து முடியும் வரை மூடியிருந்த வானம், முடிந்த பிறகு தெளிந்தது. எட்டாண்டுத் தவத்தைக் கால் நாழிகை மேகம் விழுங்கிற்று என்றே சொல்லிவிடலாம்.

அந்தப் புதுவையிலேயே அவர் இன்னொன்றையும் கண்டார். தமிழர் ஒருவர், ஏடுமில்லாமல் எழுதுகோலுமில்லாமல், தரையிலே சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாகக் கற்ற வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிச் சோழிகளை நகர்த்தி, கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 1765 ஆகஸ்ட் 30-இலே நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதிலே அந்தச் சோழிக் கணக்கு தவறியது 41 வினாடி. அன்றைய ஐரோப்பாவின் பெருமைக்குரிய மேயரின் அட்டவணை தவறியதோ 68 வினாடி. மேகம் கண்ணை மறைத்த ஊரிலே, கணக்கை மேகம் மறைக்கவில்லை.

தமிழன் பெருமை பேசி மகிழ இதைச் சொல்லவில்லை. பெருமையின் மறுபக்கத்தையும் லெ ழாந்தீயே குறித்து வைத்தார். கணித்தவருக்கு முறை தெரிந்தது. ஏன் அந்த முறை பலிக்கிறது என்பது தெரியவில்லை. கணக்கு இருந்தது, காரணம் போயிற்று! காரணம் போன கணக்கு என்ன ஆகும்? காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றுக்குச் சென்று பாருங்கள். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது 2023 ஜனவரி 17-இல். கோயில் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே சனி, அதே கும்பத்துக்கு, 2023 டிசம்பர் 20-இல் பெயர்ந்தது. மக்கள் வெள்ளம் திரண்டு குளத்திலே மூழ்கிற்று. வானத்திலே ஒரு சனி, பஞ்சாங்கத்திலே இரண்டு சனி, இடையிலே பதினோரு மாதம்! அண்டை வீட்டாரின் பிறையைப் பற்றிப் பேசுமுன் நம் வீட்டுச் சனியை நினைத்துக்கொள்வது நாகரிகம்.

சரி, பிறைக்கு வருவோம். முஸ்லிம்கள் நாளுக்கு ஐந்து வேளை தொழுகிறார்கள். ஐந்து வேளையும் கதிரவனின் போக்கைக் கொண்டு விதிக்கப்பட்டவை: வெளுக்கும் விடியல், சாயும் உச்சி, நீளும் நிழல், மறையும் கதிர், கறுக்கும் செவ்வானம். ஒரு பொருளின் நிழல் அதன் நீளமளவு வளர்ந்தால் பிற்பகல் தொழுகைக்கு நேரமாயிற்று என்பது ஷாஃபி வழியினர் முறை. இருமடங்கு வளர வேண்டும் என்பது ஹனஃபி வழியினர் முறை. இன்று எந்தப் பள்ளிவாசலிலே கோல் நட்டு நிழலை அளக்கிறார்கள்? சுவரிலே கடிகாரம் தொங்குகிறது. அதனருகே ஆண்டு முழுமைக்கும் மணியும் நிமிடமுமாக அச்சிட்ட அட்டவணை தொங்குகிறது. மழைநாளிலே கதிரவனே தோன்றாவிட்டாலும் பாங்கு தவறுவதில்லை. யாரும் அதைக் குற்றமென்று சொல்வதில்லை, சொல்லவும் வேண்டாம். கதிருக்குக் கணக்குச் செல்லுமென்றால் பிறைக்கு மட்டும் கண்தான் வேண்டுமா?

“கண்டு நோன்பு வையுங்கள், கண்டு நோன்பை விடுங்கள் என்பது நபிமொழி அல்லவா?” என்பர். ஆம், உண்மை. ஆனால் மற்றொரு நபிமொழியும் உண்டு: நாம் எழுத்தறியாச் சமுதாயம், எழுதுவதுமில்லை கணக்கிடுவதுமில்லை என்ற பொருளிலே அமைந்தது. எகிப்தின் மார்க்க அறிஞர் அஹ்மது ஷாகிர் 1939-இலே இதையே எடுத்துக்காட்டி வாதிட்டார். கண்ணால் காணச் சொன்னதற்குக் காரணம் அன்று கணக்கு அறியாமை. அந்தக் காரணம் நீங்கிய பின் கட்டளையும் மாறத்தான் வேண்டும் என்றார். அவர் நம்மைப் போன்ற நாத்திகரல்லர். நபிமொழிக் கலையிலே தேர்ந்தவர்.

இன்னும் பின்னே செல்வோம். 14-ஆம் நூற்றாண்டிலே டமாஸ்கஸ் நகரத்தின் தலைமைக் காஜியாக இருந்தவர் தகியுத்தீன் சுப்கி. நம் கடற்கரைத் தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி வழியின் பேரறிஞர். பிறை தெரிய வாய்ப்பேயில்லை என்று கணக்கு உறுதியாகச் சொல்லும் நாளிலே, “நான் கண்டேன்” என்று சாட்சி வந்தால் அந்தச் சாட்சியைத் தள்ளிவிட வேண்டும் என்றார். அதே காலத்தில், அதே நகரத்துப் பெரிய பள்ளிவாசலிலே நேரங்கணிக்கும் அலுவலில் இருந்தவர் இப்னு ஷாத்திர். நிலவின் இயக்கத்துக்கு அவர் அமைத்த கணித மாதிரியும், ஏறத்தாழ 150 ஆண்டு கழித்துக் கோப்பர்நிக்கஸ் கையாண்ட மாதிரியும் ஒன்றே. பள்ளிவாசலின் உள்ளேயே வளர்ந்த அறிவு அது! அதைப் பள்ளிவாசலுக்கு அன்னியமென்று இன்று சொல்வோர் தம் பாட்டனார் சொத்தைத் தாமே மறுக்கிறார்கள்.

தயக்கம் கணக்கின் மீது மட்டுமா? அச்சுக்கும் இருந்தது. துருக்கிப் பேரரசிலே 1727-இல் முத்தஃபர்ரிக்காவின் அச்சகத்துக்கு அனுமதி தந்தபோது, மார்க்க நூல்களை அச்சிடக் கூடாதென்ற வேலியோடுதான் தந்தார்கள். தந்திக்கும் இருந்தது. தந்தியில் வரும் பிறைச் செய்தியை ஏற்கலாமா என்ற வழக்கு அவ்வளவு முற்றியதால், ஏற்கலாம் என்று வாதிட டமாஸ்கஸ் அறிஞர் ஜமாலுத்தீன் காசிமி 1911-இலே தனி நூலே எழுத வேண்டியதாயிற்று. தந்தி ஏற்கப்பட்டது, முதுமையெய்திற்று, 2013-இல் இந்தியாவிலே அடக்கமும் ஆகிவிட்டது. பிறை வழக்குதான் இன்னும் முடியவில்லை!

முடியாததன் விளைவைக் காண வேண்டுவோர் எங்கும் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலே காஜியின் அறிவிப்பை ஏற்போர் உண்டு. உலகிலே எங்கே கண்டாலும் போதுமென்போர் உண்டு. கணக்கின்படி நாட்காட்டியே அச்சிட்டுக்கொண்டோரும் உண்டு. ஒரே ஊரிலே அண்ணனுக்குப் பெருநாள், தம்பிக்கு நோன்பு. புதுவை, காரைக்கால் குடும்பங்கள் பல பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிசிலே வாழ்கின்றன அல்லவா? அங்கே 2013 மே மாதத்திலே பிரான்சின் முஸ்லிம் மன்றம் கணக்கை ஏற்றுக்கொண்டு, ஜூலை 9 நோன்பின் முதல்நாள் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே அறிவித்தது. ஜூலை 8 இரவு பாரிசுப் பெரிய பள்ளிவாசல், “இல்லை, 10-ஆம் நாள்” என்றது. விடியலுக்கு எழுவதா உறங்குவதா என்று தெரியாமல் பல வீடுகள் விழித்தன. கணக்கு பிழைக்கவில்லை, முன்கூட்டியே எல்லோரும் அறிந்துவிட்டால் அந்த இரவிலே அறிவிப்பதற்கு எவருக்கும் ஒன்றுமில்லாமற் போய்விடும் என்ற இடத்திலேதான் முட்டிற்று என்று நமக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேர் எதிரான வரலாறு ஒலிபெருக்கியுடையது. சிங்கப்பூரின் சுல்தான் பள்ளிவாசலிலே 1936-இல் அது ஏறிற்று. தொடக்கத்தில் ஆலிம்கள் தயங்கவே செய்தார்கள். தேவபந்தைச் சேர்ந்தவரும் பின்னாளில் பாகிஸ்தான் சென்றவருமான முஃப்தி முகம்மது ஷஃபி, தொழுகையிலே அதைப் பயன்படுத்தலாகாது என்றே முதலில் எழுதினார். ஒலிபெருக்கியிலே கேட்பது இமாமின் குரலா, குரலின் எதிரொலியா? எதிரொலியென்றால் அதைப் பின்பற்றிக் குனிவதும் நிமிர்வதும் செல்லுமா? விஞ்ஞானம் கற்றவர்களிடம் கேட்டார்கள், ஆராய்ந்தார்கள், பிறகு அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கற்றவர் ஒருவர் தம் தீர்ப்பைத் தாமே திருத்துவது சிறுமையன்று. நம் மேடைகளிலும் அது சற்று அடிக்கடி நிகழ்ந்தால் நலம். ஆனால் கவனியுங்கள்: ஒலிபெருக்கி சில பத்தாண்டுகளிலே மினாரா உச்சிக்கு ஏறிவிட்டது. கணக்கு, சுப்கியின் காலந்தொட்டு வாயிலிலேயே நிற்கிறது.

ஒலிபெருக்கியைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அது கூடாதென்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அதே ஆண்டு, பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்த மதமும் சொல்லவில்லையென்று உச்ச நீதிமன்றம் கூறியது சென்னைத் தேவாலயம் ஒன்றின் வழக்கிலே. விதி எல்லோருக்கும். ஆடி மாதத்திலே அம்மன் கோயில் கூம்புக் குழாயின் கீழே படிக்க முயன்ற மாணவனைக் கேளுங்கள், சொல்வான்! அப்படியிருக்க, பள்ளிவாசலின் வைகறைப் பாங்கு மட்டும் சிலர் காதைக் குத்துவதேன்? பாங்கை எதிர்த்து வந்த மனுவை 2023-இலே தள்ளிய குஜராத் உயர்நீதிமன்றம், கோயில்களின் அதிகாலை மேளமும் மணியும் மட்டும் ஒலியல்லவா என்று கேட்டது. சிறுபான்மையினரைக் குட்டக் கையிலெடுக்கும் சட்டப்புத்தகத்தைப் பகுத்தறிவென்று நாம் ஒப்பமாட்டோம். சிங்கப்பூர் வேறு வழி கண்டது: 1974-இலே குழாய்களை உட்புறமாகத் திருப்பினார்கள், பாங்கை வானொலியிலே ஏற்றினார்கள். கேட்க விரும்பியவர் வீட்டுக்குள்ளேயே கேட்டார். யாரும் யாரையும் குட்டவில்லை.

இதுவரை சொன்னவற்றால் வரும் கேடு பெரிதன்று. ஒரு நாள் முன்பின்னாகப் பெருநாள் வரும், அவ்வளவுதான். ஆனால் மற்றொரு வாயில் இருக்கிறது. அங்கே கருவி நுழைந்தபோது தடுப்பார் குறைவாகவும் தாங்குவார் பெண்களாகவும் இருந்தனர்.

தலாக்கைச் சொல்கிறோம். ஒரே மூச்சில் மூன்று முறை சொல்லி மனைவியை விலக்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22-இலே, சாயரா பானு வழக்கில், மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையால் செல்லாததாக்கிற்று. அவ்வழக்கிலே சேர்ந்து நின்ற பெண்களின் கதையைப் படியுங்கள். ஒருத்திக்குத் துபாயிலிருந்து தொலைபேசியிலே தலாக். இன்னொருத்திக்கு விரைவு அஞ்சலிலே. மலேசியாவிலே 2003-ஆம் ஆண்டு, கோம்பாக் வட்டார ஷரீஅத் நீதிமன்றம் ஒன்று, கைப்பேசிக் குறுஞ்செய்தியில் வந்த தலாக்கும் செல்லுமென்றே சொல்லிற்று. பிறையைக் காணத் தொலைநோக்கியும் வேண்டாமென்போர் உண்டு. பெண்ணை விலக்கக் குறுஞ்செய்தி போதும்!

திருமணத்துக்கு மட்டும் இந்த எளிமை கிடையாது. முஸ்லிம் நாடுகளின் ஃபிக்ஹ் கழகம் 1990-இலே ஜித்தாவிலே கூடி, புதிய தொடர்புக் கருவிகளின் வழியாகச் செய்யும் ஒப்பந்தங்களை ஆராய்ந்தது. வாணிகம் செய்யலாம், நிக்காஹ் மட்டும் அந்த அனுமதியில் அடங்காது என்றது. ஏன்? நிக்காஹுக்குச் சாட்சிகள் வேண்டும். நல்ல காரணம், நாம் குறை சொல்லவில்லை. கட்டுவதற்குச் சாட்சி கேட்கும் அறிவு, வெட்டுவதற்கு ஏன் கேட்கவில்லை? குர்ஆனின் 65-ஆம் அதிகாரத்துக்குப் பெயரே ‘தலாக்’. அதன் இரண்டாம் வசனம், நேர்மையான இருவரைச் சாட்சியாக வைக்கச் சொல்கிறது. ஷியாப் பிரிவினர் அதைக் கட்டாயமென்று கொண்டார்கள். இரு சாட்சிகள் முன்னிலையில் சொல்லாத தலாக் அவர்களிடம் செல்லாது. சன்னிச் சட்ட அறிஞர்களிற் பெரும்பாலோர் அதை விரும்பத்தக்கதென்ற அளவிலே நிறுத்தினார்கள். அந்த இடைவெளி வழியாகத்தான் அஞ்சல் புகுந்தது, தந்தி புகுந்தது, தொலைபேசி புகுந்தது, கைப்பேசி புகுந்தது. கருவி புதிய கொடுமையை உண்டாக்கவில்லை. பழைய கொடுமைக்குக் கால் கொடுத்தது. முன்பு, எதிரே நின்று, அவள் கண்ணீரைக் கண்டு, பெரியவர்கள் தடுக்குமுன் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது கடல் கடந்த அறையொன்றிலே கட்டைவிரலை அசைத்தால் போதும்.

அவள் பதில் சொல்ல விரும்பினால்? அதே கருவி அவள் கையிலும் இருக்கிறதே! இருந்தும் பயனில்லை. அவள் வேண்டுவது குலா. அதற்குக் கணவன் இசைய வேண்டும், அல்லது பெரியோர் கூடிப் பேச வேண்டும், மஹரைத் திருப்ப வேண்டும். கம்பி ஒன்றுதான்; ஒரு திசையில் மட்டுமே மின்சாரம் ஓடுகிறது.

தமிழ்நாட்டிலே இதைக் கேள்வி கேட்டவர் ஒரு முஸ்லிம் பெண்மணி. வழக்கறிஞரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான பதர் சயீத், காஜிகள் வழங்கிவந்த தலாக் சான்றிதழ்களை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றார். 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் காஜிக்கு நீதிபதியின் அதிகாரம் எதையும் தரவில்லை. அவர் தருவது வெறும் கருத்தே என்று கூறி, அச்சான்றிதழ்களை வழங்குவதற்கு 2017 ஜனவரியிலே நீதிமன்றம் தடை விதித்தது. முத்திரையிட்ட தாள் ஒன்று வீட்டுக்கு வந்தால் விதியென்று அழுத பெண்களுக்கு, தாளுக்கு அந்த வலிமை இல்லையென்று தெரிவித்ததே பெரிய தொண்டு.

2019-இலே மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், சொல்லாலோ எழுத்தாலோ மின்னணு வடிவிலோ வேறெவ்வகையிலோ கூறப்படும் முத்தலாக் செல்லாது என்கிறது. மின்னணு என்ற சொல் ஷரீஅத் விவகாரத்திலே சட்டமாக ஏறிவிட்டது! ஆனால் கூறியவனுக்கு மூன்றாண்டு வரை சிறை என்றும் சொல்கிறது. மனைவியைக் கைவிடும் கணவர்கள் எல்லா மதத்திலும் இருக்க, ஒரு மதத்தவனுக்கு மட்டும் சிறை என்பதிலே நமக்கு உடன்பாடில்லை. சிறையிலிருப்பவன் எப்படிச் சோறு போடுவான் என்ற அந்தப் பெண்ணின் கேள்விக்கும் விடை காணோம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒவ்வொரு ஊர் ஜமாஅத்திலும் திருமணப் பதிவேடு இருக்கிறது. இரு சாட்சிகள் நேரில் வந்து, அந்தப் பெண்ணும் அழைக்கப்பட்டுத் தன் பக்கத்தைச் சொல்லாமல், எந்த மணவிலக்கையும் அப்பதிவேட்டில் ஏற்றமாட்டோம் என்று ஜமாஅத் கூடி ஒரு தீர்மானம் போட யாருடைய அனுமதி வேண்டும்? அந்தச் சமுதாயத்து இளைஞர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. நாம் வெளியே நின்று கேட்பதைவிட, உள்ளே இருக்கும் ஒருவர் எழுந்து கேட்டால் அதற்கு எடை அதிகம்.

அன்று மாலை, பாலத்தைவிட்டுப் புறப்படுமுன், முதியவரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். தொலைபேசியிலே வரும் தலாக்கை நீங்கள் ஒப்புகிறீர்களா என்றோம். உடனே விடை வரவில்லை. ஆற்றைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார். “பெருநாள் பிறைக்கே ரெண்டு சாட்சி கேட்கிறோம்...” என்று தொடங்கினார். அதற்குள் வீட்டிலிருந்து மறுபடியும் அழைப்பு. இறைச்சிக் கடையிலே கூட்டம் சேர்ந்துவிட்டதாம். சொல்ல வந்ததை முடிக்காமலே பேரனின் வண்டியில் ஏறிக்கொண்டார்.